ஐயாக்கண்ணு பேரில் ஒரு சர்க்கார் ஆர்டர்

கிளியூர் மாதம்மாள் கும்பிட்டது இரண்டு சாமிகளை. ஒன்று சேர்வராயன், இன்னொன்று சர்க்கார். மழை பொய்த்த வருஷம் சேர்வராயனிடமாவது கொஞ்சம் கோபித்துக்கொள்வாள். சர்க்காரிடம் அதுவும் கிடையாது. கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போடு என்று சொல்லிவிட்டால், தண்ணீரை வாயில் வைக்க முடியவில்லை என்று ஊரே திட்டினாலும் அள்ளி அள்ளிப் போடுவாள். அம்மை குத்த ஆள் வந்தபோது மற்றவர்களெல்லாம் காப்பித் தோட்டத்துக்குள் ஓடி ஒளிந்தார்கள். இவள் மட்டும் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நின்றாள். ஒரு கை போதும் என்று அவர்கள் சொன்னதில் அவளுக்கு வருத்தம்தான்.

கிளியூருக்குப் பாதை பிரிகிற இடத்தில் அவளுக்கு ஒரு பெட்டிக்கடை இருந்தது. பீடி, சிகரெட், வெற்றிலை, சோடா, கடலைமிட்டாய், மழைக்காலத்தில் அட்டை ஏறாமல் காலில் தேய்த்துக்கொள்ளப் புகையிலைத் தூள், இவ்வளவுதான் சரக்கு. புருஷன் ஐயாக்கண்ணு தன் அரை ஏக்கர் காப்பியையும் நாலு ஆரஞ்சு மரத்தையும் பார்த்துக்கொண்டு, மிச்ச நாளில் எஸ்டேட்டில் மரம் ஏறப் போவார். நல்ல மனுஷர். யாரோடும் சண்டைக்குப் போகமாட்டார். கடைக்காரி புருஷன் என்ற உரிமையில் கடையிலிருந்து சிகரெட்டை மட்டும் கேட்காமல் எடுத்துக்கொள்வார்.

எழுபத்தாறு வாக்கில் சிகரெட் பெட்டிகளில் புதிதாக ஒரு வரி முளைத்தது. இங்கிலீஷ் வரி. மாதம்மாளுக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் வரும். எஸ்டேட் ரைட்டர் மனுவேல் கடைக்கு வந்தபோது பெட்டியை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"ஏனுங்க ரைட்டருங்க, இதுல என்னமோ புதுசா எழுதியிருக்குதுங்களே?"

"சிகரெட் குடிச்சா ஒடம்புக்குக் கெடுதின்னு போட்டிருக்கும்மா. சட்டப்படி எச்சரிக்கோணுமாம். சர்க்கார் ஆர்டர்," என்று வாசித்துச் சொல்லிவிட்டு, மனுவேல் அதிலேயே ஒன்றை உருவிப் பற்றவைத்துக்கொண்டு போனார்.

மாதம்மாள் அன்றைக்கு முழுவதும் யோசித்தாள். சட்டப்படி எச்சரிக்க வேண்டும் என்கிறார்கள். இங்கிலீஷ் தெரிந்தவனுக்குப் பெட்டி சொல்லிவிடும். தெரியாத சனத்துக்கு யார் சொல்வது? விற்கிறவள்தான் சொல்ல வேண்டும். சர்க்கார் இதைத் தனக்குத்தான் இட்டிருக்கிறது என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். அப்படியெல்லாம் இல்லை என்று எடுத்துச்சொல்ல அந்த மலையில் எவனுக்குத் துணிச்சல் இருந்தது?

மறுநாளிலிருந்து சிகரெட் கேட்டு யார் வந்தாலும், பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, "சர்க்கார் சொல்லுதுங்க, இது ஒடம்புக்குக் கெடுதிங்க, தெரிஞ்சு வாங்கிக்கோங்க," என்று முழுக்கச் சொல்லி முடித்த பிறகுதான் கொடுப்பாள். அவசரக்காரன் பாதியில் கை நீட்டினால் முதலிலிருந்து ஆரம்பிப்பாள். சேலத்திலிருந்து ஏற்காடு பார்க்க வந்த ஒரு புதுமாப்பிள்ளை இதில் மாட்டிக்கொண்டான். பக்கத்தில் நின்ற புதுப்பெண் இதைக் கேட்டுவிட்டு அவனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் சிகரெட்டை வைத்துவிட்டுக் கடலைமிட்டாய் வாங்கிக்கொண்டு போனான். மாதம்மாளுக்குச் சர்க்கார் உத்தியோகமே கிடைத்துவிட்ட பெருமை.

அடுத்த கூத்து அதற்கப்புறம் ஆரம்பித்தது. சிகரெட் வாங்கினவர்கள் ஒவ்வொருவராகப் பீடிக்கு மாறினார்கள். பீடி வாங்கினால் அவள் ஒன்றும் சொல்வதில்லை. பீடிக்கட்டில் ஒரு வரியும் எழுதியிருக்கவில்லை. சர்க்கார் சொல்லாததை அவள் எப்படிச் சொல்வாள்? பீடி நல்லது, சர்க்காரே அதைக் குற்றம் சொல்லவில்லை என்று மலை பூராவும் பேச்சாகிவிட்டது. அந்தப் பேச்சை முதலில் கிளப்பிவிட்டவர் சாட்சாத் ஐயாக்கண்ணுதான். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். மாதம்மாள் விஷயத்தில் அது அப்படியே பலித்தது.

சிகரெட் குடித்த காலத்தில் ஐயாக்கண்ணு கணக்காகத்தான் குடிப்பார். பீடி சர்க்கார் அனுமதித்த பண்டம் ஆன பிறகு கட்டுக் கட்டாக ஊதினார். இருமல் வந்தது. சும்மா வந்து போகிற இருமல் இல்லை. ஆரம்பித்தால் ஆளைக் குனிய வைத்துக் கண்ணில் தண்ணீர் வரவழைத்து, பக்கத்தூட்டு நாய் எழுந்து குரைக்கும்வரை விடாது.

தரையில் இருமினால் போகட்டும் என்று விடலாம். அவர் பிழைப்பு மரத்தின் மேல். மழைக்கு முன்னால் காப்பிச் செடிக்கு வெளிச்சம் வருவதற்காக சில்வர் ஓக் மரங்களின் கிளைகளைக் கழிப்பார்கள். ஒற்றை மூங்கில் ஏணியில் ஏறி, உச்சிக்குப் போய், ஒரு கையால் மரத்தைக் கட்டிக்கொண்டு இன்னொரு கையால் அரிவாள் வீச வேண்டும். கீழே ஏணியை ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். ஐயாக்கண்ணுக்கு ஏணி பிடிப்பது எப்போதும் மாதம்மாள்தான். எழுபத்தேழாம் வருஷம் அவர் உச்சியில் இருந்தபோது இருமல் பிடித்துக்கொண்டது. ஏணி ஆடியது. அரிவாள் நழுவி அவள் காலுக்கு ஒரு சாண் தள்ளி மண்ணில் குத்தி நின்றது. அரிவாளைப் பற்றி அவள் கவலைப்படவில்லை. அடுத்து விழப்போவது ஆள் என்று நினைத்து ஏணியைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். அன்றைக்கு அவர் எப்படியோ இறங்கி வந்துவிட்டார். வந்தவுடன் ஒரு பீடியைப் பற்றவைத்தார்.

"இந்தக் கருமத்த உட்டுருங்க. அடுத்த வருசம் மரத்து மேலிருந்து உங்கள முழுசா எறக்க முடியாது," என்றாள்.

"சர்க்கார் சொல்லிச்சா?" என்றார் அவர்.

மாதம்மாள் மண்ணில் குத்தி நின்ற அரிவாளைப் பிடுங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். வருஷம் முழுவதும், சோற்றைப் போட்டுக்கொண்டு கேட்டாலும், துணியைத் துவைத்துக்கொண்டு கேட்டாலும், அவர் அதையேதான் சொன்னார். சர்க்கார் என்றைக்காவது பீடிக்கும் ஒரு வரி போடும் என்று, புதுச் சரக்கு வரும்போதெல்லாம் கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு எழுத்துகூட வரவில்லை.

எழுபத்தெட்டாம் வருஷம் மே மாதம். சேர்வராயன் கோயில் திருவிழா நெருங்கிவிட்டது. அது முடிந்தால் மரம் கழிக்கிற வேலை. அந்தச் சமயத்தில்தான் காலரா ஊசிக்கு விளம்பரம் செய்ய ஒலிபெருக்கி கட்டிய ஜீப் ஒன்று அவள் கடை முன்னால் வந்து நின்றது. சுகாதார இன்ஸ்பெக்டர் சேகர் இறங்கினார். சமவெளிப் பிள்ளை. மலைப்பாதை வளைவெல்லாம் வாந்தி எடுத்து, காலையிலிருந்து நாலு ஊரில் கத்தி, தொண்டை கரகரத்துப் போயிருந்தது.

"ஒரு சோடா குடுங்கம்மா. அப்படியே ஒரு கட்டுப் பீடி," என்றார்.

சர்க்காரே நேரில் வந்து பீடி கேட்கிறது. விடுவாளா?

"ஏனுங்க சாமி, சிகரெட்டு கெடுதின்னு எழுதறீங்க. பீடிக்கு ஏனுங்க எழுத மாட்டேங்கறீங்க?"

"சட்டம் சிகரெட்டுக்கு மட்டுந்தான்மா. பீடி குடிசைத் தொழில்."

"குடிசைத் தொழில்னா நெஞ்சுக்குள்ள போகாதுங்களா?"

"போகும்தான். ஆனா சட்டத்துல இல்லை."

"அப்ப கெடுதிதானுங்களே? நீங்க சொன்னாப் போதுமுங்க. கெடுதிதானுங்களே?"

சேகர் சட்டத்தை விளக்கினார். அவள் மறுபடி கேட்டாள். அவர் மறுபடி விளக்கினார். இருந்த கொஞ்சநஞ்சக் குரலும் அதில் தீர்ந்துபோனது. கடைசியாக வாயைத் திறந்தபோது காற்றுதான் வந்தது. மைக்கைக் காட்டினார், தொண்டையைக் காட்டினார், தலையில் கை வைத்துக்கொண்டார். டிரைவரோ மைக்கைத் தொட மாட்டேன் என்று ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன சொல்லோணும்னு முன்னாடியே கேட்டுப் பாடமாயிருச்சுங்க. போன வருசமும் இதேதானுங்களே. நான் சொல்றனுங்க," என்று மாதம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஜீப்பில் ஏறினாள். சேகர் கையெடுத்துக் கும்பிட்டார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்கிறோம் என்று பாவம் அவருக்கு அப்போது தெரியாது.

"பொதுமக்களுக்குச் சர்க்கார் தெரிவிக்கறது என்னன்னாங்க," என்று ஆரம்பித்தாள். பள்ளத்தாக்கு முழுவதும் அவள் குரல் போய்த் திரும்பி வந்தது. "திருவிழாவுக்கு வாரவங்க எல்லாரும் காலரா ஊசி போட்டுக்கோணுமுங்க. தண்ணியக் காச்சிக் குடிக்கோணுமுங்க. ஈ மொச்ச பண்டத்தத் திங்கக் கூடாதுங்க."

அவ்வளவோடு நிறுத்தியிருக்க வேண்டும். அப்போது பார்த்து ஐயாக்கண்ணு மேட்டிலிருந்து இறங்கி வந்தார். வாயில் பீடி. மனைவி சர்க்கார் ஜீப்பில் நிற்பதைக் கண்ட ஆச்சரியத்தில் புகை புரையேறி, நடுரோட்டில் குனிந்து இருமத் தொடங்கினார். மைக்குக்குள்ளும் அந்த இருமல் புகுந்து அடிவாரம் வரை எதிரொலித்தது. மாதம்மாளுக்கு அந்த ஆடின ஏணி கண்ணில் தெரிந்தது.

"அப்பறம், பீடியும் கெடுதின்னு சர்க்கார் சொல்லுதுங்க," என்றாள். சொன்னது போதவில்லை என்று தோன்றியது. "மத்தவங்களுக்கு எப்படியோ, கிளியூர் ஐயாக்கண்ணுக்கு நொம்பக் கெடுதிங்க. கிளியூர் ஐயாக்கண்ணுக்கு யாரும் பீடி குடுக்கக் கூடாது, நெருப்பும் குடுக்கக் கூடாதுன்னு ஆர்டருங்க."

கடை முன்னால் கூடியிருந்த அத்தனை பேரும் வாயைப் பிளந்தார்கள். காரணம் பீடி இல்லை. மாதம்மாள் கல்யாணம் கட்டி வந்த நாள் முதல் புருஷன் பேரைச் சொன்னதே கிடையாது. அந்தப் பக்கத்தில் எந்தப் பெண்ணும் சொல்லமாட்டாள். ஓட்டுப்போடப் போன இடத்தில் புருஷன் பேர் கேட்டதற்கு, பக்கத்தில் நின்ற கண்ணம்மாளை இடித்துச் சொல்லவைத்தவள் இவள். அப்படிப்பட்டவள் மைக்கில், இரண்டு தரம், பேரைச் சொல்லிவிட்டாள்.

எதிர்ப்புற டீக்கடைச் செல்லப்பன்தான் முதலில் வாயைத் திறந்தான். "அக்கா தானாச் சொல்லுமாடா? சர்க்கார் எழுதிக் குடுத்திருக்கும். சட்டம்னா சொல்லித்தானே ஆகோணும்."

ஊருக்கு அது சரியென்று பட்டது. ஐயாக்கண்ணுக்கும் சரியென்று பட்டது. பீடியைக் கீழே போட்டுக் காலால் மிதித்து, சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

ஜீப்புக்குள் சேகர் துள்ளிக் குதித்தார். குரல்தான் இல்லையே. இரண்டு கைகளையும் ஆட்டி, நிறுத்து நிறுத்து என்று சைகை காட்டினார். டிரைவர் அதைப் புறப்படு புறப்படு என்று எடுத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பிவிட்டார். மாதம்மாள் மைக்கும் கையுமாக உள்ளேயே உட்கார்ந்துவிட்டாள். அடுத்த ஊர் வந்தது. ஒரு ஊரில் ஒன்றும் இன்னொரு ஊரில் வேறொன்றும் சொன்னால் சர்க்காருக்கு இரட்டை நாக்கு என்று ஆகிவிடாதா? தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன. அங்கேயும் அதையே சொன்னாள். குப்பனூர் அடிவாரம் வரைக்கும் ஊர் ஊராகச் சொன்னாள். சேகர் ஜன்னலில் தலையை வெளியே போட்டு வாந்தி எடுத்துக்கொண்டே கேட்டுக்கொண்டு வந்தார்.

அதற்கப்புறம் ஐயாக்கண்ணு பட்ட பாட்டை என்னவென்று சொல்வது? சொந்தக் கடையிலேயே மாதம்மாள் பீடி டப்பாவைப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். செல்லப்பன் டீயைக் கொடுத்துவிட்டுத் தீப்பெட்டியை ஒளித்து வைத்தான். "மாமா, கோவிச்சுக்காதீங்க. உங்க பேருல ஆர்டர் இருக்குதுங்க. நாங் குடுத்தா எனக்குக் கேஸாயிரும்." ஏற்காடு கடைத்தெருவில் பீடி கேட்டால், "எந்தூருங்க, பேரென்னங்க?" என்றார்கள். கிளியூர் என்றதும் கட்டை உள்ளே வைத்துவிட்டார்கள். ஒருநாள் குப்பனூர் வரை இறங்கிப் போய், பேர் கருப்பண்ணன் என்று பொய் சொல்லிப் பார்த்தார். கடைக்காரன் கட்டை எடுக்கும் நேரத்தில் இருமல் வந்து தொலைத்தது. ஜீப்பில் கேட்ட அதே இருமல். அவன் கட்டைத் திரும்ப வைத்துவிட்டு, "ஐயாக்கண்ணுங்களா, வணக்கமுங்க," என்றான்.

முதலில் கோபம் வந்தது. பிறகு கோபம் போய் வேறொன்று வந்தது. திருவிழாவில் வாழவந்தியிலிருந்து வந்த ஒரு குடும்பம் அவரை வழிமறித்து, "அந்த ஆர்டர் வாங்குன ஐயாக்கண்ணு நீங்கதானுங்களா?" என்று கேட்டுக் குழந்தையைக் காட்டி ஆசீர்வாதம் வாங்கியது. சர்க்காருக்குக் கோடிக் கோடி சனம். அதில் ஒரு ஆளைப் பேர் சொல்லி, அவன் நெஞ்சு கெடக்கூடாது என்று தனியாக ஒரு ஆர்டர் போடுகிறதென்றால் அவன் எப்பேர்ப்பட்ட ஆள்! ஐயாக்கண்ணு தலைப்பாகையைக் கொஞ்சம் பெரிதாகக் கட்ட ஆரம்பித்தார்.

சேகர் நிலைமை இன்னும் வேடிக்கை. வேலை போச்சு என்று நினைத்துக்கொண்டு ஊசி முகாமுக்கு வந்தவர், வரிசையைப் பார்த்து அசந்துபோனார். சர்க்காருக்கு நம் பேரெல்லாம் தெரிந்திருக்கிறது, ஊசி போடாவிட்டால் அடுத்த ஜீப்பில் நம் பேர் வரும் என்ற பயத்தில் மலையே திரண்டு வந்து கையை நீட்டியது. அவர் மாதம்மாளைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. மேலிடத்தில் பாராட்டு வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தார்.

கண்ணம்மாளும் இன்னும் நாலு பெண்களும் கடைக்கு வந்தார்கள். "அக்கா, அடுத்த தடவ ஜீப்பு வந்தா எங்கூட்டுக்காரரு பேரையும் சேத்துச் சொல்லிருங்க. அந்தாளு சாராயத்தையும் சேத்து," என்றாள் கண்ணம்மாள். மாதம்மாள் சிரிக்கவில்லை. சாமி பேரில் பொய்ச்சத்தியம் செய்தவளைப்போல் உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தாள். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்களே, தன் புளுகு எத்தனை நாளைக்கு என்ற பயம். மரம் கழிக்கிற வேலைக்கு மனுவேல் நாள் குறித்துவிட்டார். அதுவரைக்குமாவது தாங்கினால் போதும் என்று சேர்வராயனை வேண்டிக்கொண்டாள். சர்க்காரை வேண்ட அவளுக்கு முகம் இல்லை.

வேலைக்கு முந்தின நாள் மத்தியானம் ஐயாக்கண்ணு வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு ஏற்காட்டுக்குப் போனார். ஆர்டருக்கு ஒரு காப்பி வாங்கி, கண்ணாடி போட்டு, சுவரில் சேர்வராயன் படத்துக்குப் பக்கத்தில் மாட்ட வேண்டுமாம். மாதம்மாள் ரோடு வரை வந்து அவர் போகிற திசையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சாயங்காலம் அவர் திரும்பி வந்தபோது மடியில் ஒரு கட்டுப் பீடி இருந்தது. அடுப்படியில் அவளுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"ஆபீசுல கேட்டன். எம்பேர்ல ஆர்டரே இல்லைங்கறாங்க. அங்க இருந்த குமாஸ்தா சிரிச்சுச் சிரிச்சு வயித்தப் புடிச்சுட்டான். பீடிக்கே ஆர்டர் இல்லையாம். அவனே கடையில சொல்லி இத வாங்கிக் குடுத்தான்." கட்டை எடுத்து முன்னால் வைத்தார். "சர்க்கார் சொல்லலைன்னா அப்பறம் ஆரு சொன்னது?"

மாதம்மாள் களியைக் கிண்டுவதை நிறுத்தினாள். நாளைக்கு இவர் இதை ஊதிவிட்டு ஏணி ஏறுவார் என்பது அவளுக்குத் தெரிந்துபோயிற்று. பயத்தில் அழுகை வந்தது.

"நாந்தாஞ் சொன்னனுங்க," என்றாள். "சர்க்காருக்கு உங்களத் தெரியாதுங்க. நீங்க மரத்து மேல இருமுனா ஆபீசுக்குக் கேக்காது. கீழ ஏணியப் புடிச்சுட்டு நிக்கறவளுக்குத்தானுங்க கேக்கும். நீங்க ஏறுனதுலருந்து எறங்கற வரைக்கும் நான் உசுரோடயா நிக்கறன்? சர்க்கார் எப்பச் சொல்லும், எப்பச் சொல்லும்னு பாத்தனுங்க. அது சொல்லாது போலிருந்துச்சு. சொல்லிட்டன். பாவம்னா என் தலைல விடியட்டும்."

அடுப்பில் விறகு இறங்கிப்போனதை ஐயாக்கண்ணு உள்ளே தள்ளிவிட்டார்.

"எம்பேர நீயாவா சொன்ன?" என்றார் கடைசியில்.

அவள் களிச்சட்டியை அடுப்பிலிருந்து இறக்கினாள்.

"மைக்குல. அத்தன சனத்துக்கு முன்னால."

"வேற என்னங்க பண்ணச் சொல்றீங்க," என்று முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அவர் களியைத் தின்றுவிட்டுப் படுத்துவிட்டார். பீடிக்கட்டு அடுப்படியிலேயே கிடந்தது. அதை எடுத்து அடுப்பில் போடவும் அவளுக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாள் எஸ்டேட்டில் முதல் மரத்தில் ஏணி சார்த்தியாயிற்று. மாதம்மாள் அடியைப் பிடித்துக்கொண்டாள். பனி இன்னும் விலகவில்லை. குளிருக்கு மனுவேல் ஒரு பீடியைப் பற்றவைத்து, இன்னொன்றை ஐயாக்கண்ணுக்கு நீட்டினார். நேற்று ஏற்காட்டு ஆபீசில் சிரித்த குமாஸ்தா அவருக்குச் சொந்தக்காரன்.

"புடிங்க ஐயாக்கண்ணு. ஆர்டர் கீர்டரெல்லாம் ஒண்ணும் இல்லையாமே, ஆபீசுல சொன்னாங்க."

ஐயாக்கண்ணு அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு ஏணியில் கால் வைத்தார். ஏணி பிடித்திருந்த கைகளை ஒருதரம் குனிந்து பார்த்தார்.

"ஆபீசுல போய்க் கேட்டா எப்படிங்க இருக்கும், ரைட்டருங்க? அது எங்கூட்டுல போட்ட ஆர்டருங்க," என்று சொல்லிவிட்டு மேலே ஏறினார்.